மாணவர் நடத்திய தேர்தல்

தேர்தல் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன யாவை? அரசு அலுவலர், காவலர், அரக்கு முத்திரையிட்ட பெட்டி, விரலில் வைக்கும் மை. பள்ளியிலோ கல்லூரியிலோ நடைபெறும் தேர்தலாயின், காவலர் நிற்கும் இடத்தில் ஆசிரியர் நிற்பார். வேட்பு மனுவைப் பெறுவதும், வாக்குச் சீட்டுகளை எண்ணுவதும், முடிவை அறிவிப்பதும் அவர் பணியாகும். போட்டியிடுவோரும் வாக்களிப்போரும் மாணவர். தேர்தலை நடத்தும் பொறுப்பு மட்டும் அவர்களிடம் விடப்படுவதில்லை. விட்டால் என்ன நேருமோ என்னும் அச்சம் பெரியவர்களுக்கு உண்டு. பல்லாண்டுகள் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த எனக்கும் அவ்வச்சம் இருந்தது. ஆசிரியர்கள் கூடி ஒரு மாணவனைத் தலைவனாகத் தேர்ந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவன் பெயரை அறிவித்துவிடுவோம். சண்டையும் சச்சரவும் இன்றி வேலை முடிந்தது என்று நான் மகிழ்ந்ததும் உண்டு.

தலைநகராகிய தில்லியில் ஒரு பல்கலைக் கழகம், இவ்வச்சத்திற்கு நேர்மாறான வழக்கமொன்றை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டிருக்கிறது. அங்கே மாணவர் பேரவைத் தேர்தலை மாணவரே நடத்துகின்றனர். அதன் வரலாற்றை இன்று நோக்குவோம்.

ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகம் என்பது அதன் பெயர். 1966ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 1969இல் அது தன் பணியைத் தொடங்கிற்று. அதன் முதல் துணைவேந்தர் சென்னையிற் பிறந்த ஜி. பார்த்தசாரதி. அரசியல் நிர்ணய சபையில் பெயர் பெற்ற என். கோபாலசுவாமி ஐயங்காரின் புதல்வர் அவர், செய்தித்தாளில் எழுதியவர், சென்னை அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர், ஐக்கிய நாடுகள் அவையில் நம் நாட்டின் சார்பாளராக இருந்தவர். ஆரவல்லிக் குன்றுத் தொடரின் பாறை நிலத்தில், முட்செடிகளுக்கிடையே எழுந்த அவ்வளாகத்தில், விடுதிகளுக்கு நம் நாட்டு ஆறுகளின் பெயர்களைச் சூட்டினர். கங்கை, ஜீலம், கோதாவரி, சபர்மதி என்னும் பெயர்களோடு நம் காவிரியும் அங்கே உண்டு. பெரியாறும் உண்டு.

பெயர்கள் மட்டுமன்று, மாணவரும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தனர். அதற்கொரு காரணம் இருந்தது. எழுபதுகளில் மாணவரின் வற்புறுத்தலால் அங்கு ஒரு சேர்க்கை முறை நடைமுறைக்கு வந்தது. பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருபவர்க்கும், வருவாய் குறைந்த குடும்பத்தினர்க்கும் நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண்கள் கூடுதலாக வழங்கப்பட்டன. ஒரிசாவின் சிற்றூரிலிருந்து வந்தவனும், பீகாரின் உழவர் மகனும், கேரளத்து ஆசிரியரின் மகளும் ஒரே உணவுக் கூடத்தில் அமர்ந்து உண்டனர். இத்தகைய ஊரில் ஒருவன் வாக்குக் கேட்க வேண்டுமானால், தன் சாதியாரிடமும் தன் மாநிலத்தாரிடமும் மட்டும் சென்று பயனில்லை. அவர்கள் மிகச் சிலரே. மற்றையோரிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

1971இல் மாணவர் பேரவைக்கு ஓர் அமைப்புச் சட்டம் ஏற்பட்டது. அதனை மாணவர்களே எழுதினர். தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் ஆகிய நால்வரை மாணவர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். ஒவ்வொரு கல்விப் புலமும் தனக்குரிய கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும். தேர்தலை நடத்துவதற்கென மாணவரிலிருந்தே ஒரு தேர்தல் குழு அமையும். அக்குழுவினர் போட்டியிடலாகாது. வேட்பு மனுக்களை ஆராய்வது முதல் முடிவை அறிவிப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பே. துணைவேந்தர் அலுவலகத்திற்கு இதில் இடமில்லை. நிருவாகம் அதனை ஏற்றுக்கொண்டது என்பதுதான் வியப்பு.

தேர்தல் நாள் நெருங்கும்போது அங்கு நடப்பதைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். இரவு உணவு முடிந்ததும் விடுதி உணவுக் கூடங்களில் கூட்டம் தொடங்கும். ஒருவர் எழுந்து பேசுவார், மற்றொருவர் மறுப்பார். தட்டச்சுச் செய்து படியெடுத்த துண்டறிக்கைகள் மேசைதோறும் வைக்கப்படும். ஒரு கட்சியார் மாலையில் வெளியிட்ட அறிக்கைக்கு மறு கட்சியார் இரவே விடை எழுதி, காலை உணவுக்கு முன் கொண்டுவந்து வைப்பர். சுவர்களில் அச்சிட்ட சுவரொட்டிகள் இரா. பெரிய தாள்களை ஒட்டி, தூரிகை கொண்டு கையால் எழுதியும் வரைந்தும் வைப்பர். பணத்திற்கு அங்கு வேலை குறைவு. உழைப்புக்கும் நாவன்மைக்குமே வேலை.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக அமைவது தலைவர் பதவி வேட்பாளர்களின் சொற்போர். வாக்குப் பதிவுக்கு முன்னர் ஓரிரவில், திறந்த வெளியில் மேடை அமைத்து, வேட்பாளர் அனைவரையும் வரிசையாக அமர்த்துவர். முதலில் ஒவ்வொருவரும் தம் கொள்கையை எடுத்துரைப்பர். பின்னர் ஒருவரையொருவர் வினவுவர். அதன்பின் கேட்போர் கூட்டத்திலிருந்து வினாக்கள் வரும். தம் விடுதியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி ஒரு வினா எழும். அடுத்த வினா பாலத்தீனத்தைப் பற்றியதாக இருக்கும். நள்ளிரவைக் கடந்தும் கூட்டம் கலைவதில்லை. பறை முழக்கமும் முழக்க ஒலிகளும் ஒருவர் பேச்சை அமுக்க முயல்வதுண்டு. தேர்தல் குழுவின் இளைஞர் ஒலிபெருக்கியின் முன் நின்று அடக்குவர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதினராகிய அவர்களுக்குக் கையில் கோலும் இல்லை, பின்னே காவலரும் இல்லை. தாமே ஏற்படுத்திய விதியைச் சுட்டிக்காட்டுவதன்றி அவர்களிடம் வேறு படைக்கலம் இல்லை.

அவ்விதி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். இப்பேரவையில் நெடுங்காலம் இடதுசாரி மாணவர் அமைப்புகளே ஓங்கியிருந்தன. 2000ஆம் ஆண்டில் அவற்றுக்கு எதிரணியைச் சார்ந்த சந்தீப் மகாபத்ரா தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வென்றார். எண்ணியவர்கள் மாணவர். அறிவித்தவர்கள் மாணவர். அவர் தலைவரானார். பாராளுமன்றத் தேர்தலில் ஒற்றை வாக்கு வேறுபாடு நேர்ந்தால் வழக்கு எத்தனை ஆண்டுகள் நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இப்பேரவை சோதனைக்கு உள்ளான காலங்களுக்கு வருவோம்.

1975 ஜூன் 25 நள்ளிரவில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பேரவைத் தலைவராக அப்போது இருந்தவர் தேவி பிரசாத் திரிபாதி. கண் பார்வை மிகக் குறைந்தவர். நினைவாற்றலும் பேச்சாற்றலும் மிக்கவர். செப்டம்பர் மாதத்தில், பேரவையைச் சார்ந்த ஒரு மாணவி நீக்கப்பட்டதைக் கண்டித்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 25ஆம் நாள் காலை சாதாரண உடையணிந்த காவலர் சிலர் ஒரு மகிழுந்தில் வளாகத்தினுள் வந்து, கட்டடத்தின் முன் நின்றிருந்த ஓர் இளைஞரைத் திரிபாதி என்று கருதி, இழுத்து வண்டியிலேற்றிச் சென்றனர். அவர் பிரபீர் புர்காயஸ்தா என்னும் வேறொரு மாணவர். ஆளை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்த பின்னும் அவரை விடவில்லை. மிசாச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஓராண்டு அவர் சிறையிலிருந்தார். பின்னர்த் திரிபாதியும் கைதாகித் திகார்ச் சிறைக்குச் சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்பதனால் ஒருவரும், அவரைப் போல் தோன்றியதனால் மற்றொருவரும் சிறைப்பட்டனர்.

1977இல் நெருக்கடி நிலை நீங்கிற்று. பொதுத் தேர்தலில் இந்திரா காந்தி அம்மையார் தோல்வியுற்றார். எனினும் பல்கலைக் கழகத்தின் வேந்தர் பதவியை அவர் விடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மாணவர்கள் ஊர்வலமாக அவர் இல்லத்திற்குச் சென்றனர். பேரவைத் தலைவர் சீதாராம் யெச்சூரி, சென்னையிற் பிறந்தவர். 1977, 1978 ஆண்டுகளில் மும்முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அம்மையார் வெளியே வந்து நின்றார். அவர் பதவி விலக வேண்டும் என்னும் கோரிக்கையை யெச்சூரி அவர் முன்னிலையிலேயே படித்தார். அம்மையார் அதனைக் கேட்டுக்கொண்டு நின்றார். சின்னாட்களில் வேந்தர் பதவியைத் துறந்தார்.

அக்காட்சியின் நிழற்படம் ஒன்று உண்டு. வரலாறு பயிலும் மாணவர் அதனைக் கவனிக்கவேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் அம்மையார் காவலருடன் வளாகத்திற்கு வந்து யெச்சூரியை மன்னிப்புக் கேட்கச் செய்தார் என்ற குறிப்புடன் அப்படம் அண்மைக் காலத்தில் பரப்பப்பட்டது. ஆண்டும் பிழை, இடமும் பிழை, செய்தி முற்றும் தலைகீழ். படம் பொய் சொல்வதில்லை என்பர். அதன் கீழ் எழுதப்படும் இரண்டு வரிகள் சொல்லும்.

எல்லாச் சோதனையும் வெளியிலிருந்தே வந்ததென்று கூறினால் நான் வரலாற்றாசிரியன் ஆகேன். 1983ஆம் ஆண்டு மே மாதத்தில், விடுதி தொடர்பான ஓர் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து மாணவர்கள் துணைவேந்தரை வெளியேற விடாமல் சூழ்ந்துகொண்டனர். வடநாட்டார் இதனைக் கெரோ என்பர். காவலர் அழைக்கப்பட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதாகித் திகார்ச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 2019இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவர்களுள் ஒருவர். பத்து நாள் சிறையிலிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். பல்கலைக் கழகம் மூடப்பட்டது, விடுதிகள் காலியாயின, 1983–84ஆம் கல்வியாண்டில் புதிய மாணவர் எவரும் சேர்க்கப்படவில்லை. பின்தங்கிய மாவட்டத்தார்க்கு இருந்த கூடுதல் மதிப்பெண் முறையும் அதன்பின் கைவிடப்பட்டது. தொண்ணூறுகளில்தான் அது மீண்டது.

ஓர் ஆசிரியரை அவர் இருக்கும் இடத்தில் அடைத்துவைப்பதை என்னால் எக்காலத்தும் ஏற்க இயலாது. அதற்காக நூற்றுக்கணக்கான இளைஞரைச் சிறைக்கு அனுப்பியதையும் ஏற்க இயலவில்லை. ஆனால் அவ்விரண்டையும் காட்டிலும் என் மனத்தை உறுத்துவது, வளாகத்தில் எவ்வகைக் குற்றமும் செய்யாத, அவ்வாண்டு சேர்ந்திருக்க வேண்டிய சிற்றூர்ப் பிள்ளைகளைப் பற்றிய எண்ணம். அவர்கள் எங்கே சென்றனரோ! அவர்களுக்கு வாக்கும் இல்லை, பேரவையும் இல்லை.

பேரவையில் பயின்றவர்கள் வெளியே சென்று என்ன ஆயினர்? சிலர் நாடாளுமன்றம் புகுந்தனர். சிலர் கட்சிகளின் தலைவராயினர். 1994, 1995 ஆகிய ஈராண்டிலும் தலைவராக இருந்த சந்திரசேகர் பிரசாத் தம் சொந்த ஊராகிய பீகாரின் சீவானுக்குத் திரும்பி, அங்கு வன்முறை அரசியலை எதிர்த்துத் தெருமுனைக் கூட்டங்களில் பேசினார். 1997 மார்ச் 31 அன்று அத்தகைய கூட்டத்தின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். வளாகத்தில் எதிர்க் கட்சியாரின் துண்டறிக்கைக்கு விடை எழுதிப் பழகிய கை அது. சீவானில் விடை வேறு வடிவில் வந்தது.

இங்ஙனமிருக்க, நாட்டின் பிற பகுதிகளில் மாணவர் தேர்தல்கள் நடந்த முறையைக் கண்டு கற்றோர் பலரும் வருந்தினர். வாகன ஊர்வலமும் அச்சிட்ட சுவரொட்டியும் அடிதடியும் பெருகின. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2005 டிசம்பரில் உச்ச நீதி மன்றம் இட்ட ஆணைப்படி, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஜேம்ஸ் மைக்கேல் லிங்டோ அதன் தலைவர். நாட்டின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து, 2002இல் ஜம்மு காஷ்மீர்த் தேர்தலை நடத்திப் பெரும் புகழ் பெற்றவர். 2006 மே மாதத்தில் குழு தன் அறிக்கையை அளித்தது. அடுத்த ஆகஸ்டில், உஜ்ஜயினியில் மாணவர் தேர்தல் பற்றி எழுந்த பூசலில் தாக்கப்பட்டுப் பேராசிரியர் சபர்வால் உயிரிழந்தார். குற்றம் சாட்டப்பட்டோர் சான்று போதாமையால் 2009இல் விடுதலையாயினர். அந்தச் செய்தி வந்த காலத்தில் ஆசிரியர் அறையில் நாங்கள் நெடுநேரம் பேசாதிருந்தோம். செப்டம்பர் 22 அன்று உச்ச நீதி மன்றம் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நாடெங்கும் நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது.

பரிந்துரைகள் யாவை? வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே வேண்டும். இளங்கலை மாணவர் 22 வயதுக்குள்ளும், ஆராய்ச்சி மாணவர் 28 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வருகைப் பதிவு 75 விழுக்காடு இருத்தல் வேண்டும். முதன்மைப் பதவிக்கு ஒருவர் ஒருமுறையே போட்டியிடலாம். தேர்தல் பற்றிய முறையீடுகளை விசாரிக்க, மாணவர் நலப் புலத் தலைவரின் கீழ் ஒரு குறைதீர் குழு அமைய வேண்டும்.

மேலோட்டமாக நோக்கினால் இவற்றில் குறை காண்பதற்கில்லை. அச்சிட்ட சுவரொட்டி வேண்டாம் என்பதை நேரு பல்கலைக் கழகத்து மாணவர்கள் முன்னமே கைக்கொண்டிருந்தனர். சிறிய வளாகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம் என்பதற்கு லிங்டோ குழு எடுத்துக்காட்டாகக் கொண்டதும் இப்பல்கலைக் கழகத்தின் முறையையே. ஆனால், மாணவர்கள் தம் பழைய அமைப்புச் சட்டத்தின்படியே தேர்தல் நடத்தி வந்தமையால், அது பரிந்துரைகளுக்கு மாறானது என்று கூறி, 2008 அக்டோபரில் உச்ச நீதி மன்றம் தேர்தலுக்குத் தடை விதித்தது. எந்த முறையை நாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினரோ, அந்த முறையே அவ்வெடுத்துக்காட்டிலிருந்து எழுந்த விதியால் நிறுத்தப்பட்டது! நோய்க்குக் கொடுத்த மருந்தை நோயற்றவனும் உண்ணவேண்டியதாயிற்று.

தடைக்குக் காரணமான வேறுபாடுகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, குறைதீர் குழு. முறையீட்டை விசாரிப்பவர் ஆசிரியராயின், தேர்தல் மாணவருடையது என்னும் அடிப்படையே ஆட்டம் காணும் என்று அவர்கள் வாதிட்டனர். மற்றொன்று, வயது. ஆராய்ச்சிக்கே பெரிதும் இடமளிக்கும் பல்கலைக் கழகம் அது. ஏழ்மையால் இடையில் படிப்பை விட்டு, வேலை பார்த்து, மீண்டும் வந்து சேர்ந்தவர்க்கு இருபத்தெட்டு வயது எளிதில் கடந்துவிடும். பின்தங்கிய மாவட்டத்தார்க்கு மதிப்பெண் கொடுத்து வாயிலைத் திறந்துவிட்டு, வயதைக் காட்டி மேடையை மூடுவதா என்று அவர்கள் கேட்டனர். எனக்கு முதல் வாதத்தில் ஐயம் உண்டு. தன் வழக்கில் தானே நடுவராக இருப்பதிலுள்ள இடர் மாணவர்க்கும் பொருந்தும். இரண்டாவது வாதத்திற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நான்காண்டுக் காலம் பேரவை இல்லை. 2011 டிசம்பரில் நீதி மன்றம் சில தளர்வுகளுக்கு இசைந்தது. ஆராய்ச்சி மாணவரின் வயது வரம்பு 30 ஆயிற்று. 2012 மார்ச் 1 அன்று மீண்டும் வாக்குப் பதிவு நடைபெற்றது. சுசேதா தே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன் பிந்திய நிகழ்ச்சிகள் பலவும் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தவை, விரிக்க வேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில், அப்போதைய தலைவர் கன்னையா குமார் அரச வஞ்சனைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். நாடே இரு பிரிவாக நின்று வாதிட்டது. 2020 ஜனவரி 5 மாலையில் முகமூடி அணிந்தோர் தடிகளுடன் விடுதிகளுள் புகுந்து தாக்கினர். தலைவி அய்ஷி கோஷ் தலையில் காயமுற்றார். சொற்போருக்குப் பெயர் பெற்ற வளாகத்தில் தடி நுழைந்த அந்நாளை, எக்கட்சியைச் சார்ந்தவராயினும் பழைய மாணவர் வெட்கத்துடனேயே நினைவுகூர்கின்றனர். பின்னர்க் கொள்ளைநோய் பரவியது. 2019க்குப் பிறகு மீண்டும் தேர்தல் இல்லை.

இத்தகைய இடைவெளியின் கேடு வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. முதுகலை மாணவன் ஒருவன் ஈராண்டில் வெளியேறுகிறான். நான்காண்டு தேர்தல் நின்றுபோனால், இரண்டு தலைமுறை மாணவர்கள் ஒரு வாக்குச் சீட்டையும் காணாமலே சென்றுவிடுகின்றனர். விதி தாளில் இருக்கும். அதனை எவ்வாறு நடத்துவது, இரவு இரண்டு மணிக்குக் கூச்சலிடும் கூட்டத்தை எச்சொல்லால் அடக்குவது, செல்லாத சீட்டு எது என்று இரு தரப்பும் ஒப்புமாறு எங்ஙனம் தீர்மானிப்பது என்பன தாளில் இரா. அவற்றை அறிந்தவர் முதிர்ந்த ஆராய்ச்சி மாணவரே. வயது வரம்பு மேடையிலிருந்து விலக்கியதும் அவர்களையே.

2024 மார்ச் 22 அன்று, நான்காண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் வாக்குப் பதிவு நடைபெற்றது. வாக்களித்தோருள் பெரும்பாலோர்க்கு அதுவே அவ்வளாகத்தில் முதல் தேர்தல். 73 விழுக்காட்டினர் வாக்களித்தனர். இயந்திரம் இல்லை, வாக்குச் சீட்டுகளே. மாணவர் தேர்தல் குழு இரவும் பகலுமாக எண்ணியது. வெளியே புல்தரையில் எல்லாக் கட்சியாரும் தத்தம் பறையோடு காத்திருந்தனர். 24ஆம் நாள் இரவு முடிவு வந்தது. பீகாரின் கயாவிலிருந்து வந்த தனஞ்சய் என்னும் ஆராய்ச்சி மாணவர் தலைவரானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பதவிக்கு வந்த தலித் மாணவர் அவர்.